தேடுவோருக்கு எமது எழுத்து கிடைக்க வேண்டுமானால்

ஓர் ஊர் இடம்பெயரும்போது வீடும் கிணறும் தோட்டமும் மட்டும் கைவிட்டுப் போவதில்லை. எந்தக் காணியில் எந்த மண், எந்தப் பயிருக்கு எந்தக் குழை, ஊர்ச் சங்கம் எந்த ஆண்டில் தொடங்கியது என்ற அறிவும் சிதறிப் போகிறது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களுட் சில நலன்புரி நிலையங்களில் தங்கின. சில கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களுக்கு வந்தன. வேறு சில கடல் கடந்தன. சிலருடைய காணிகள் இன்னமும் விடுவிக்கப்படவில்லை. ஊரைக் கண்ணால் காணாத பிள்ளைகள் இன்று அதைப் பற்றி அறிய விரும்பினால், முதலில் நாடுவது கைத்தொலைபேசியில் உள்ள தேடற்பெட்டியையே.

ஊர் வரலாற்றையும் கமச்செய்கை அனுபவத்தையும் எழுதி இணையத்தில் இட்டவர்கள் எம்மிடையே பலர் உள்ளனர். ஆயினும் தேடுபவர்களுக்கு அவை அகப்படுவதில்லை. இதற்குக் காரணம் என்ன? இதனை எவ்வாறு திருத்தலாம்?

தேடல் இயந்திரம் என்ன செய்கிறது?

கூகிள் போன்ற தேடல் இயந்திரங்கள் மூன்று வேலைகளைச் செய்கின்றன. முதலாவதாக, ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குச் சென்று, கண்டவற்றை வாசிக்கின்றன. இரண்டாவதாக, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று குறித்து வைக்கின்றன. பெரிய நூல்களின் கடைசியில் காணப்படும் சொல்லடைவு போன்றது இது. மூன்றாவதாக, ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்போது, அச்சொல் உள்ள பக்கங்களில் எது முன்னே, எது பின்னே என்று வரிசைப்படுத்துகின்றன.

1998 இல் கூகிளைத் தொடங்கிய லரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகிய இருவரும் இந்த வரிசைக்கு ஒரு புதிய வழியைக் கண்டார்கள். ஒரு பக்கத்தை வேறு பக்கங்கள் சுட்டிக் காட்டினால், அதை அப்பக்கத்துக்கான சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். காணி எல்லைப் பிணக்கில் ஊரறிந்த ஒருவரின் சாட்சிக்கு வழிப்போக்கர் பத்துப் பேரின் சாட்சியைவிடப் பாரம் அதிகம் அல்லவா? அதுபோலவே நல்ல மதிப்புள்ள பக்கம் ஒன்று சுட்டினால் அதற்குப் பெறுமதி அதிகம். இன்று வேறு பல அளவைகளும் சேர்ந்துள்ளன. எனினும் இந்த அடிப்படை மாறவில்லை.

எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும்

எம்மவர் எழுத்துக்கள் அகப்படாமைக்கு முதற் காரணம், அவை இயந்திரத்துக்கு எழுத்தாகத் தெரியாமையே. இலங்கையில் நெடுங்காலம் ‘பாமினி’ என்னும் எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். அதில் ‘அம்மா’ என்று அடித்தால், எம் கண்ணுக்குத்தான் அம்மா. கணனியின் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. அம்மா என்று தேடுபவருக்கு அது எவ்வாறு கிடைக்கும்? தமிழ் எழுத்துக்கு 1991 முதல் யுனிகோட் என்னும் உலகப் பொதுக்குறியீட்டில் தனி இடம் உண்டு. பாமினியில் உள்ள பழைய கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பிழை திருத்தினால் போதும்.

படமாக எடுத்துப் போடும் துண்டுப்பிரசுரமும் மலரும் இப்படித்தான். படத்திலுள்ள தமிழை வாசிக்கும் நுட்பம் இப்போது உண்டு. ஆனால் மங்கிய அச்சில் அது தடுமாறும். வட்ஸ்அப் குழுவில் அனுப்புபவை தேடலில் வரவே மாட்டா.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டு, வெள்ளவத்தையிலும் அலுவலகம் அமைத்து வளர்ந்தது ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்த நாடு இது. நூல்களையும் சஞ்சிகைகளையும் கோயில், பாடசாலை மலர்களையும் நூலகம் ஒளிவருடிச் சேமிக்கிறது. அவற்றிற் பெரும்பாலானவை படங்களே. அப்படியானால் தேடுபவருக்கு அவை எவ்வாறு கிடைக்கின்றன?

விடை எளிது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தனிப்பக்கம் உண்டு. அதில் நூலின் பெயர், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு என்பன யுனிகோட் தமிழில் எழுதப்படுகின்றன. பலவற்றுக்கு உள்ளடக்கமும் வரி வரியாகத் தரப்படுகிறது. ஒரு பழைய மலரின் நடுவே உங்கள் ஊர்க் குளம் பற்றி ஒரு கட்டுரை இருந்து, அதன் தலைப்பு அங்கு எழுதப்பட்டிருந்தால், குளத்தின் பெயரைத் தேடுபவர் அந்த மலரை அடையலாம். உங்களிடமும் ஒரு பழைய மலர் இருந்தால் படத்துடன் இந்த விவரங்களையும் தட்டச்சு செய்யுங்கள். அரை மணி நேர வேலை அது.

தேடுபவரின் சொல்லே தலைப்பாகட்டும்

‘மண்ணின் மைந்தர் நினைவுகள்’ என்று தலைப்பிட்டால் அழகாக இருக்கும். ஆனால் அதை யார் தேடுவார்? ‘மிளகாய்த் தோட்டத்துக்குப் பூவரசங்குழை தாழ்ப்பது எப்படி’ என்று இட்டால், தேவையுள்ளவர் தேடும் சொற்கள் அதிலேயே இருக்கும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இத்தகைய அறிவின் பெறுமதியை நாம் எல்லோரும் உணர்ந்தோம்.

ஒரு பொருளுக்குப் பல பெயர் உண்டு. நாம் பசளை என்பதைத் தமிழ்நாட்டார் உரம் என்பர். நாம் குழை என்பதை அவர்கள் தழை என்பர். இரு சொல்லையும் ஒருமுறையாவது எழுதுங்கள். ஊர்ப்பெயரிலும் கவனம் தேவை. நாம் கொட்டாஞ்சேனை என்பதை ஆங்கிலத்தில் கொட்டஹேன என்று எழுதுகிறார்கள். சிலர் கொழும்பு 13 என்றே தேடுவர். மயிலிட்டியை ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றனர். புலம்பெயர்ந்த பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தேடுவதால், ஊர்ப்பெயரின் ஆங்கில வடிவங்களையும் கட்டுரையின் தொடக்கத்தில் சேருங்கள். பிரதேச செயலகப் பிரிவையும் மாவட்டத்தையும் குறிப்பிடுங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கலாம்.

சாட்சிகளைச் சேர்த்தல்

பழைய மாணவர் சங்கம், கமக்காரர் அமைப்பு, புலம்பெயர் நாட்டு ஊர்ச் சங்கம் ஆகியவற்றுக்கு இணையத்தளம் இருந்தால் உங்கள் கட்டுரைக்கு அங்கிருந்து ஓர் இணைப்புத் தரும்படி கேளுங்கள். நீங்களும் அவர்களுடையதைச் சுட்டுங்கள். புதிய பக்கத்தின் முகவரியைக் கூகிளின் ‘சேர்ச் கொன்சோல்’ வழியாக இலவசமாக அறிவிக்கவும் முடியும்.

‘பணம் தாருங்கள், முதலிடத்தில் கொண்டுவருகிறோம்’ என்போரிடம் ஏமாற வேண்டாம். முதலிடத்துக்கு எவராலும் உறுதி தர முடியாது என்று கூகிளே கூறுகிறது. பணம் கொடுத்து இடுவது விளம்பரம். அது அவ்வாறே குறிக்கப்படும். ஒரே சொல்லைத் தேவையின்றிப் பலமுறை எழுதுவதும், இணைப்புகளை விலைக்கு வாங்குவதும் பக்கத்தைப் பின்னுக்கே தள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை

தேடுபவருக்குக் கிடைப்பது நல்லவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. காணி உறுதி, அடையாள அட்டை இலக்கம், பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் விவரம் ஆகியவற்றைப் படமாகவோ எழுத்தாகவோ இணையத்தில் இடாதீர்கள். ஊரின் கதை பொதுவானது, உறுதி உங்களுடையது.

நீங்கள் செய்யக்கூடியது

ஊரை அறிந்த முதியவர் ஒருவர் சொல்லட்டும். தட்டச்சுத் தெரிந்த மாணவர் ஒருவர் யுனிகோட்டில் எழுதட்டும். வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் தமது சங்கத் தளத்திலிருந்து இணைப்புத் தரட்டும். மாதம் ஒரு கட்டுரை என்றாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு. சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். ஆகவே முதலாவது கட்டுரையை இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள்.