குண்டு விமானம் நாற்காலி ஆன கதை

நண்பர்களே, ஒரு கேள்வி. "சண்டை முடிஞ்சு போச்சு, நாளைக் காலையிலிருந்து பழையபடி பாத்திரம் பண்ணுங்கப்பா" என்று ஒரு முதலாளி உத்தரவு போட்டால் தொழிற்சாலை கேட்குமா? இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்தது என்று சரித்திரப் பாடத்தில் ஒரே வரியில் படித்துவிட்டோம். ஆனால் பிரிட்டனில் ஒரு சாதாரணக் குடும்பம் பூப்போட்ட புது டீ கப்பைத் தாராளமாகக் கடையில் வாங்க 1952 ஆகஸ்ட் வரை காத்திருந்தது. ஏழு வருஷம்! அதற்குள் நாம் இரண்டு டிப்ளமோ முடித்து மூன்றாவதற்கு அப்ளிகேஷன் போட்டிருக்கலாம்.

ஏன் இத்தனை தாமதம்? அதைப் புரிந்துகொள்ளப் பறிபோன கதையை முதலில் பார்க்க வேண்டும்.

1940 ஜூலையில் விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் பிரபு, "உங்கள் அலுமினியப் பாத்திரங்களைக் கொடுங்கள், ஸ்பிட்ஃபயர் விமானமாக்குகிறோம்" என்று பெண்களிடம் கேட்டார். வீடு வீடாகப் பாத்திரம் குவிந்தது. நம்ம மெட்டீரியல்ஸ் பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: பாத்திர அலுமினியம் ஏறக்குறையச் சுத்தமானது, மெதுவானது. விமானத் தகடோ செம்பு கலந்த டியூராலுமின். குழம்புச் சட்டியை உருக்கினால் அப்படியே இறக்கை வந்துவிடாது. உலோகத்தைவிட மக்களின் உற்சாகம்தான் அரசுக்கு அதிகம் கிடைத்தது என்பது என் அபிப்பிராயம்.

1942-ல் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. உள்நாட்டில் விற்கும் பீங்கானில் வெறும் வெள்ளைதான் இருக்கலாம், சித்திரம் கூடாது. சில கப்புகளுக்குக் கைப்பிடியே கிடையாது! சிரிக்காதீர்கள், அதில் கணக்கு இருக்கிறது. கைப்பிடியைத் தனி அச்சில் செய்து, களிமண் கூழ் தடவி, ஒவ்வொன்றாகக் கையால் ஒட்ட வேண்டும். அதை விட்டால் ஆள் மிச்சம், சூளையில் இடமும் மிச்சம். மேஜை நாற்காலிக்கும் அதே கதி. 'யூட்டிலிட்டி' என்ற அரசாங்க டிசைன்களில் மட்டுமே செய்யலாம். அதுவும் புதுசாகக் கல்யாணமானவர்களுக்கும் குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கும் முன்னுரிமை.

சரி, 1945 வந்தது. பிரஸ் இருக்கிறது, லேத் இருக்கிறது, பழகிய கை இருக்கிறது. அப்புறம் என்ன தடை? டூலிங், அதுதான் முதல் தடை! விமானத் தகடு அடித்த பிரஸ்ஸே வாணலியும் அடிக்கும். ஆனால் டை வேறு. அந்த டையைச் செய்ய நல்ல ஸ்டீலும் கைதேர்ந்த டூல் ரூம் ஆளும் வேண்டும். ஆள் பாதிப்பேர் இன்னும் பட்டாளத்தில். மரம் வாங்கவோ லைசென்ஸ் வேண்டும்.

இந்த இடத்தில்தான் எர்னஸ்ட் ரேஸ் என்ற டிசைனர் வருகிறார். நோயல் ஜோர்டன் என்ற இன்ஜினியருடன் சேர்ந்து 1945-ல் கம்பெனி ஆரம்பித்தார். மரம் இல்லையா? போகட்டும், விமானக் கழிவு அலுமினியம் மலையாகக் கிடக்கிறதே! பலதும் கலந்த கழிவை உருக்கினால் நல்ல தகடு தேறுவது கஷ்டம், ஆனால் வார்ப்புக்குத் தாங்கும். ஆகவே நாற்காலிக் காலை வார்த்தே செய்தார். பிஏ நாற்காலி என்று அதற்குப் பெயர்.

அந்தக் காலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முழு உருளைக் கம்பி இல்லை, 'டி' வடிவக் குறுக்குவெட்டு. கீழே போகப் போகக் குறுகும். வளைவு விசை அதிகமாக வரும் மேல்பக்கம் உலோகம் அதிகம், குறைவான இடத்தில் குறைவு. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் நாம் அரைமணி நேரம் போராடும் கணக்குதான், அங்கே சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறது!

முதலில் மணல் வார்ப்பில்தான் செய்தார்கள். நம் ஃபவுண்டரி ஷாப்பில் மணலை இடித்து இடித்துக் கை காய்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வார்ப்புக்கும் புது மோல்டு. 1946-லிருந்து பிரஷர் டை காஸ்டிங்குக்கு மாறினார்கள். இரும்பு அச்சு, அழுத்தத்தில் பாயும் உலோகம், மெல்லிய சுவர், ஆகவே எடை குறைவு, விலையும் குறைவு. டைக்கு முதலில் கொட்டும் பணம் பெரிசு; ஆயிரக்கணக்கில் செய்தால்தான் கட்டும். கட்டியது. 1964 வரை 2,50,000 நாற்காலிக்கு மேல், செலவான பழைய போர்க்கால அலுமினியம் 850 டன். வகுத்துப் பாருங்கள்: ஒன்றுக்குச் சுமார் 3.4 கிலோ.

விமானத் தொழிற்சாலைகளும் சும்மா இல்லை. அலுமினிய வீடே செய்தார்கள்! குழாய், ஒயரிங் எல்லாம் பொருத்தி, நாலு துண்டாக லாரியில் ஏற்றி, மனையில் வைத்து இணைத்துவிடுவார்கள். இப்படி 54,000-க்கு மேல். ரேடார் கேபிளுக்கு உறையாக இருந்த பாலித்தீன் 1948-ல் பாத்திரம் கழுவும் பேசினாக வந்தது.

பொருள் வந்துவிட்டது, வீட்டுக்கு வந்ததா? அதுதான் சோகம். 1945 ஆகஸ்டில் அமெரிக்கா கடன்-குத்தகை உதவியை நிறுத்தியது. உணவு இறக்குமதிக்கே டாலர் வேண்டும். நல்ல சரக்கெல்லாம் கப்பல் ஏறியது. 1946 செப்டம்பரில் லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் மியூசியத்தில் 'பிரிட்டனால் செய்ய முடியும்' என்று பெரிய கண்காட்சி. ஏறக்குறைய 14 லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். பொருளுக்குப் பொருள் 'இப்போது', 'விரைவில்', 'பிறகு' என்று சீட்டு. 'பிறகு' சீட்டுகளைப் பார்த்து அலுத்துப்போன ஜனங்கள் கண்காட்சியின் பெயரையே மாற்றினார்கள்: 'பிரிட்டனுக்குக் கிடைக்காது'!

பூப்போட்ட கப் செய்தவர்களுக்கும் அதே நிலைதான். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் சூளைகளில் அன்றாடம் பொன்விளிம்பு தீட்டிய பெண் தொழிலாளி, வீட்டுக்குப் போய் வெள்ளைக் கப்பில்தான் டீ குடித்தாள். ஏற்றுமதியில் கழித்த சரக்கு எப்போதாவது கடைக்கு வரும். கீறலோ கோணலோ, பூ இருந்தால் போதும் என்று அதற்கும் கூட்டம் முண்டியடித்தது.