சாணைத் தூசியும் சிறுதொழிற் பட்டறையும்

பெங்களூரின் வடமேற்கில், துமகூரு சாலையை ஒட்டி 1970-களில் உருவான பீன்யா தொழிற்பேட்டை சிறுதொழில்களின் பெருந்தொகுப்பாகும். வார்ப்படங்களின் பிசிறை நீக்குவதும், பற்றவைத்த இணைப்புகளைச் சமன்செய்வதும் இங்கு அன்றாட வேலைகள். இவ்வேலைகளில் சாணைச் சக்கரம் சுழலும்போதெல்லாம் தூசியும் எழுகிறது.

கண்ணுக்குத் தெரியும் துகள்கள் விரைவில் தரையில் விழுந்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்களோ நெடுநேரம் காற்றில் மிதந்து நுரையீரலின் ஆழத்தை எட்டுகின்றன. இன்றைய சாணைச் சக்கரங்கள் பெரும்பாலும் அலுமினிய ஆக்சைடு அல்லது சிலிக்கன் கார்பைடினால் ஆனவை. எனவே, சக்கரத்தைவிட வார்ப்படத்தில் ஒட்டியுள்ள அச்சு மணலே மிகுந்த அபாயம் உடையது. அம்மணலிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தழும்பை உண்டாக்கி, சிலிக்கோசிஸ் நோயை விளைவிக்கிறது. இந்நோய் காசநோய்க்கும் வழிவிடும்; இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலில் 1930-களிலேயே இந்நோய் கண்டறியப்பட்டது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இதற்கான நெறியை வகுத்திருந்தது: உறிஞ்சும் சாதனம் தூசி பிறக்கும் இடத்திற்கு இயன்றவரை அருகில் இருத்தல் வேண்டும், அவ்விடமும் இயன்றவரை மூடப்படுதல் வேண்டும். 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எனினும், பத்துப் பேருக்கும் குறைவாக வேலைசெய்யும் பட்டறைகள் பொதுவாக இரண்டின் வரம்புக்கும் வெளியே நிற்பவை. அங்கே உரிமையாளரின் கணக்கே தீர்ப்பளிக்கிறது.

அக்கணக்கு மூடிய அமைப்புக்குச் சாதகமானதே. உறிஞ்சும் குழாயின் திறந்த வாயிலிருந்து ஒரு விட்டத் தூரத்தில் காற்றின் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. தூரம் இருமடங்கானால், அதே பிடிப்புக்குத் தேவையான காற்று ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஆகவே, திறந்த கொட்டகையில் பெரிய விசிறி பொருத்துவதைவிட, சக்கரத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மேற்புறமும் தகட்டால் அடைத்துச் சிறிய விசிறி வைப்பது முதலீட்டையும் மின்செலவையும் குறைக்கும்.

ஆனால், அடைப்பு மட்டும் போதாது. தொழிலாளியை உள்ளே நிறுத்திக் காற்றுப் போக்கின்றிக் கதவை மூடினால், தூசி அவரைச் சுற்றியே செறியும். தூய காற்று அவருடைய முதுகுப்புறமிருந்து வந்து, முகத்தைக் கடந்த பின்னரே சக்கரத்தை அடைந்து, தூசியுடன் வடிகட்டிப் பைக்குச் செல்லவேண்டும். குழாயில் தூசி படியாதிருக்க, காற்று விநாடிக்குச் சுமார் இருபது மீட்டர் வேகத்தில் செல்லவேண்டும். அலுமினியத் தூசியும் எஃகுப் பொறியும் ஒரே குழாயில் சேர்ந்தால் தீப்பற்றக்கூடும். தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதும் படிந்த தூசியை மீண்டும் எழுப்பும். ஈரத்துணியோ உறிஞ்சு கருவியோ ஏற்றது. முகமூடி இவற்றிற்குத் துணையேயன்றி மாற்றன்று.

தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1977 முதல் பெங்களூரிலேயே இயங்கி வருகிறது. அத்தகைய நிறுவனங்களின் அறிவைச் சிறு பட்டறைகள் கூட்டாகப் பயன்படுத்திக் கொள்வது சாலச் சிறந்தது. தகடும் விசிறியும் வாங்கும் செலவு உரிமையாளரின் ஏட்டில் பதிவாகிறது. வாங்காமல் விடுவதன் செலவோ எந்த ஏட்டிலும் ஏறாமல், பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு தொழிலாளியின் குடும்பத்தின்மீது விழுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே உண்மையான உற்பத்திச் செலவுக் கணக்காகும்.