ஒரு கோழி, ஒரு பானை

வவுனியா நகரை அடுத்த நெளுக்குளம், பெயரிலேயே குளத்தைக் கொண்ட ஊர். இப்பகுதிகளில் ஊர்க்கோழி ஒன்றை அறுத்தால் உண்பவர் பலர், இறைச்சியோ சிறிது. சோற்றையும் கறியையும் ஒரே பானையில் ஆக்கினால் அக்குறை தெரியாது. துண்டு கிடையாத பிள்ளைக்கும் கோழியின் சுவை சோற்றிலேயே கிட்டிவிடும். போரினால் 2009 வரை இடப்பெயர்வுகளைக் கண்ட வன்னிக்கு ஒற்றைப் பானைச் சமையல் புதிதுமன்று.

வெங்காயம், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் தாளித்து, வறுத்த தூளும் உப்புமிட்டு இறைச்சியைப் பிரட்டி, இரண்டாம் பாலில் முக்காற்பதம் வேகவிடுக. முற்றிய கோழிக்கு ஒரு மணி நேரமும் செல்லும். அவசரமுடையோர் கடைக்கோழியை நாடலாம். சுவைக்கு நாம் பொறுப்பாளர் அல்லோம்! பின்னரே அரிசியை இடவேண்டும். ஒரு சுண்டு பச்சையரிசிக்கு இரண்டு சுண்டு குழம்பு நிற்றல் நன்று. முதற்பாலை இறக்குந் தறுவாயில் விடுக. முன்னரே விட்டுக் கொதிக்கவைத்தால் திரிந்துபோகும். மூடிப் பத்து நிமிடம் வைத்துப் பரிமாறுக.