புனே: பிஸ்கெட் தின்ற பாவம்

1890-ல் தேநீரும் பிஸ்கெட்டும் தொட்டவர்களிடம் பிராயச்சித்தம் கேட்ட நகரம், இன்று பிஸ்கெட் வாங்க வரிசையில் நிற்கிறது. ஆனால் சமையலறை வாசலில் பழைய கேள்வி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

புனே கன்டோன்மென்ட்டின் ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் கயானி பேக்கரியின் கதவு திறப்பதற்கு முன்பே வெளியே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ரயிலுக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்க்கும் வெளியூர்க்காரர், அலுவலகம் போகும் வழியில் ஸ்கூட்டரை ஓரங்கட்டியவர், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நாலு பெட்டி அனுப்ப நினைக்கும் ஓய்வுபெற்ற தம்பதி. பெரும்பாலோர் கேட்பது ஒன்றைத்தான்: ஷ்ரூஸ்பெரி பிஸ்கெட். வாயில் போட்டால் கரைந்துவிடும் வெண்ணெய் பிஸ்கெட். மதியம் கடை மூடியிருக்கும் நேரத்தில் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஈரானிலிருந்து வந்த ஜொராஸ்ட்ரியக் குடும்பம் ஒன்று 1955-ல் தொடங்கிய பேக்கரி இது. பிஸ்கெட்டின் பெயரோ இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத் தலைநகருடையது. 1809-ல் சார்லஸ் டார்வின் பிறந்த ஊர். அங்கே இந்தப் பெயரில் பலகாரம் செய்யும் வழக்கம் 16-ம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆங்கிலேய ஊரின் பெயர், ஈரானியரின் கைப்பக்குவம், மராட்டிய வாடிக்கையாளர்கள். இதில் யாருக்கும் இன்று எந்த விசித்திரமும் தெரிவதில்லை.

ஆனால் இதே புனேயில் ஒரு பிஸ்கெட் பெரிய மனிதர்களைக் கூண்டில் ஏற்றியிருக்கிறது.

தேநீர் விசாரணை

குருவார் பேட்டையில் பஞ்ச ஹௌத் என்ற இடம் இருக்கிறது. ஐந்து தண்ணீர்த் தொட்டிகள் என்று பொருள். அங்கிருந்த கிறிஸ்தவ மிஷன் 1890 அக்டோபரில் ஊர்ப் பிரமுகர்களைக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்தது. பால கங்காதர திலகர் வந்தார். பின்னாளில் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியான மகாதேவ கோவிந்த ரானடே வந்தார். பேச்சு முடிந்ததும் தேநீரும் பிஸ்கெட்டும் பரிமாறப்பட்டன. சிலர் குடித்தார்கள். சிலர் மரியாதைக்குக் கோப்பையைத் தொட்டு வைத்தார்கள். சிலர் அதையும் செய்யவில்லை.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். கோபால்ராவ் ஜோஷி முடியவிடவில்லை. அமெரிக்காவில் 1886-ல் மருத்துவப் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷியின் கணவர் இவர். வந்திருந்தவர்களின் பட்டியலை 'புணே வைபவ்' பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். வைதிகர்கள் கொதித்தெழுந்தார்கள். மிலேச்சர் கையால் தேநீரா? புகார் சங்கராச்சாரியார் வரை போயிற்று. அவர் விசாரணைக்கு ஆள் நியமித்தார்.

திலகர் சாஸ்திரங்களைப் புரட்டி வாதாடினார். தேநீர் குடிப்பது அவ்வளவு பெரிய பாவம் அல்ல, தவிர தான் காசியில் ஏற்கனவே பிராயச்சித்தம் செய்தாகிவிட்டது என்றார். சீர்திருத்தவாதி என்று பெயரெடுத்த ரானடே 1892-ல் பிராயச்சித்தத்துக்கு இணங்கினார். ஒதுக்கிவைக்கப்பட்ட நண்பர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் புரோகிதர் கிடைக்காமல் தவித்தார்கள். அவர்களுக்காகவே அவர் பணிந்துபோனார் என்பார்கள். அவரை நம்பியிருந்த சீர்திருத்த இளைஞர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். அவரது மனைவி ரமாபாய் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் இந்தச் சங்கடம் இடம்பெற்றிருக்கிறது.

பஞ்ச ஹௌத்திலிருந்து அதிக தூரமில்லாத கஞ்ச் பேட்டையில்தான் ஜோதிராவ் புலேயின் வீடு. தாழ்த்தப்பட்ட மக்கள் தண்ணீர் எடுத்துக்கொள்ளத் தன் வீட்டுத் தொட்டியை 1868-லேயே திறந்துவிட்டவர் அவர். பிரமுகர்களின் தேநீர்ச் சர்ச்சை கிளம்பிய சில வாரங்களில், 1890 நவம்பர் 28-ம் தேதி, புலே காலமானார். ஒரே நகரம், ஒரே பருவம். ஒரு பக்கம் தண்ணீருக்கே வழியில்லாதவர்கள். இன்னொரு பக்கம் பிஸ்கெட் தின்றவர்களுக்குத் தண்டனை.

ரொட்டி ஏன் தீட்டு?

வீட்டில் செய்த பலகாரத்துக்குக் காவல் உண்டு. யார் மாவு பிசைந்தார், யார் தண்ணீர் ஊற்றினார் என்பது தெரியும். பேக்கரி ரொட்டிக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. பிசைந்த கை யாருடையது என்று தெரியாது. மாவைப் புளிக்கவைக்கக் கோவா பக்கம் கள் சேர்த்தார்கள். கேக்கில் முட்டை வேறு. கிணற்றில் ஒரு துண்டு பாவ் ரொட்டியைப் போட்டு, அந்தத் தண்ணீரைக் குடித்த ஊரையே மதம் மாறியதாக அறிவித்துவிட்டார்கள் என்ற கதை கொங்கணக் கரையில் நெடுங்காலம் உலவியது. கதை நிஜமோ இல்லையோ, பயம் நிஜம்.

தமிழ்நாட்டு வாசகர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட முடியாது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் என்ற ஏற்பாடு, பெரியாரின் எதிர்ப்புக்குப் பிறகு 1941-ல்தான் கைவிடப்பட்டது. ஓட்டல் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லி 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்பு திராவிடர் கழகத்தினர் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். வெளியே போய்ச் சாப்பிடுவது என்பது நம் ஊரிலும் வெறும் நாக்குச் சமாச்சாரமாக இருக்கவில்லை.

மெட்ராஸ் பெயரில் ஒரு ஓட்டல்

புனேயை மாற்றியது பிரசங்கம் அல்ல, பசி. கன்டோன்மென்ட்டில் சிப்பாய்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு ரொட்டி வேண்டியிருந்தது. ராணுவத்தோடும் ரயில்வேயோடும் தமிழர்களும் வந்து சேர்ந்தார்கள். ராஸ்தா பேட்டையில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கும் சாலைக்கு இன்றும் சர்தார் முதலியார் சாலை என்றுதான் பெயர். அதன்பின் ஈரானியர்கள் வந்தார்கள். இந்துக்கள் அபசகுனம் என்று ஒதுக்கிய தெருமுனைக் கடைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வது வழக்கம். பளிங்குப் பலகை வைத்த மேஜை, வளைந்த மர நாற்காலி, வெண்ணெய் தடவிய பன், இரானி சாய். டெக்கான் ஜிம்கானா அருகே 1935-ல் தொடங்கிய கபே குட்லக்கில் எதிரே உட்கார்பவர் என்ன ஜாதி என்று கேட்க முடியாது. கேட்டால் சாய் ஆறிவிடும்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பெர்குஸன் கல்லூரிச் சாலை. அதில் வைசாலி, ரூபாலி என்ற இரண்டு புகழ்பெற்ற ஓட்டல்கள். உடுப்பிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் பிழைக்க வந்த ஜகந்நாத் ஷெட்டி வளர்த்தவை. ஆரம்பத்தில் ரூபாலியின் பெயர் கபே மெட்ராஸ். வைசாலியின் பெயர் மெட்ராஸ் ஹெல்த் ஹோம். கன்னடக்காரரின் ஓட்டலுக்கு மெட்ராஸ் என்று பெயர் வைத்தால்தான் இட்லி விலைபோகும் என்ற காலம் அது. சேவ், உருளைக்கிழங்கு, தயிர், பூரி சேர்ந்த எஸ்.பி.டி.பி. என்ற பண்டம் வைசாலியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஷெட்டி 2023 நவம்பரில் காலமானபோது நகரமே தன் கல்லூரி நாட்களை நினைத்துக்கொண்டது. எதிர்ச்சாரியில் இருக்கும் பெர்குஸன் கல்லூரியை 1885-ல் நிறுவிய டெக்கான் கல்விச் சங்கத்தில் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர், தேநீர் வழக்கில் சிக்கிய அதே திலகர்.

இந்தக் கலந்து உட்காரும் சுகத்துக்கு விலையும் உண்டு. 2010 பிப்ரவரி 13-ம் தேதி சனிக்கிழமை மாலை. கோரேகாவ் பார்க்கிலுள்ள ஜெர்மன் பேக்கரியில் மாணவர்களும் வெளிநாட்டுப் பயணிகளும் நிறைந்திருந்தார்கள். குண்டு வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். கேக்கும் காபியும் சாப்பிடப் போனவர்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் பேக்கரி மறுபடி திறந்தபோது பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள்.

குக்கரில் வெந்த கேக்

வீட்டுக்குள் பேக்கரி நுழைந்த கதை வேறு. தீபாவளிக்கு முன்பு நான்கட்டாய் மாவைத் தட்டில் உருட்டி எடுத்துக்கொண்டுபோய், தெரு பேக்கரியின் அடுப்பில் கூலி கொடுத்துச் சுட்டு வருவது மகாராஷ்டிரக் குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. பிறகு அலுமினியத்தில் வட்டமான மின்சார ஓவன் வந்தது. அது இல்லாத வீடுகளில் குக்கரில் மணலோ உப்போ பரப்பி, கேஸ்கட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே கேக் பாத்திரத்தை இறக்கினார்கள். நம் ஊர் வீடுகளிலும் எத்தனையோ முதல் கேக்குகள் அப்படித்தான் வெந்தன. அடி கருகியிருந்தாலும் குழந்தைகள் குறை சொன்னதில்லை.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியதும் அந்தப் பழைய வித்தைகளுக்கு மறுபடி மவுசு வந்தது. கடைகள் மூடிக்கிடக்க, பிறந்தநாட்கள் மட்டும் நிற்கவில்லை. பொழுதுபோக்காக ஆரம்பித்த பெண்கள் பலர் அக்கம்பக்கத்துக்கு விற்கத் தொடங்கினார்கள். விற்பதென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். வீட்டுச் சமையலறைக்கும் சட்டம் பொருந்தும். சந்தோஷம் தொழிலாக மாறும்போது கூடவே கணக்கு நோட்டும் வந்துவிடுகிறது.

இந்தத் துறையில் உலகம் கவனித்த பெயர் ஒன்று புனேயிலிருந்தே வந்தது: பிராச்சி தபல் தேப். ராயல் ஐசிங் என்ற சர்க்கரைப் பூச்சில் கோபுரமும் சாளரமும் செதுக்குவது இவர் கலை. மிலான் தேவாலயத்தின் வடிவில் இவர் செய்த 100 கிலோ கேக் லண்டனிலுள்ள வேர்ல்ட் புக் ஆப் ரெக்கார்ட்ஸில் இடம்பெற்றது. ராயல் ஐசிங்கின் அடிப்படையே முட்டை வெள்ளைக்கரு. இந்தியாவில் அது பலருக்கு ஆகாது. எனவே முட்டையே இல்லாத கலவையை உருவாக்கிக்கொண்டார். ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் பெங்களூரில் முட்டையில்லாத கேக் சுட்டுப் பேர்வாங்கியது போலத்தான் இதுவும். ஆசாரத்தோடு சண்டை போடாமல் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. சாப்பிடாதவருக்கும் ஒரு துண்டு கிடைக்கச் செய்தால் அதில் தப்பில்லை.

மூடாத வழக்கு

கேக்கை எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதால் எல்லோரும் எல்லார் சமையலறைக்குள்ளும் போய்விட முடிகிறதா? 2017 செப்டம்பரில் இதே புனேயில் ஒரு போலீஸ் புகார். கொடுத்தவர் அரசுத் துறையில் உயர்நிலையில் இருந்த விஞ்ஞானி. தன் வீட்டு விசேஷங்களுக்குச் சமைத்த பெண் ஜாதியை மறைத்துவிட்டார், பிராமணர் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களில் புகார் திரும்பப் பெறப்பட்டது. வானத்தையும் பூமியையும் அளக்கும் படிப்பு அடுப்படியை மட்டும் தொடாமல் போனது.

அது தனி ஒருவரின் கோணல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2024 மார்ச்சில் உணவு விநியோக நிறுவனமான ஸொமாட்டோ, சைவ உணவுக்கென்று தனி ஆட்களையும் பச்சைச் சீருடையையும் அறிவித்தது. கண்டனம் எழுந்ததும் மறுநாளே சீருடையைக் கைவிட்டது. சைவம் சாப்பிடுவது ஒருவர் விருப்பம். ஆனால் பெட்டியைக் கொண்டுவரும் ஆளிடமும் வித்தியாசம் பார்க்கத் தொடங்கினால், பஞ்ச ஹௌத் விசாரணை வேறு வடிவத்தில் தொடர்கிறது என்றுதான் அர்த்தம்.

இதற்கிடையே பேக்கரிகளுக்குப் புதுக் கவலையும் சேர்ந்திருக்கிறது. காற்று மாசு வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 ஜனவரி 9-ம் தேதி, மும்பை பேக்கரிகள் விறகு, கரி அடுப்புகளை விட்டு ஆறு மாதத்தில் மாற வேண்டும் என்றது. சுவாசிக்கும் காற்றுக்கு முன்னால் ருசி வாதம் நிற்காதுதான். ஆனால் பாவ் ரொட்டி விற்றுச் சொற்ப லாபம் பார்க்கும் பழைய கடைக்கு மின்சார அடுப்பு பெரிய செலவு. விறகடுப்பில் சுட்டுப் பழகிய புனே பேக்கரிகளும் இதே கேள்வியை என்றாவது சந்திக்க வேண்டிவரும்.

புனேக்காரர்களின் பிடிவாதம் பிரசித்தம். மதியம் ஒன்று முதல் நாலு வரை கடை மூடும் வழக்கத்தைச் சிதளே பந்து இனிப்புக் கடை பல பத்தாண்டுகள் விடாமல் கடைப்பிடித்தது. அதை வைத்துப் பிறந்த நகைச்சுவைத் துணுக்குகளுக்குக் கணக்கில்லை. 2017-ல் அந்தக் கடையே மதியமும் திறந்திருக்கத் தீர்மானித்தபோது அது செய்தியானது. ஆக, இந்த ஊரிலும் மாற்றம் வரும், நேரம் எடுத்துக்கொண்டு.

ரானடேயும் திலகரும் தேநீருக்காகப் பதில் சொல்ல வேண்டியிருந்த காலத்திலிருந்து, ஷ்ரூஸ்பெரிக்காகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் காலம் வரை புனே வந்திருக்கிறது. அந்த வரிசையில் முன்னால் நிற்பவர் யார் என்று யாரும் விசாரிப்பதில்லை; பெட்டி தீர்ந்துவிடுமோ என்பதுதான் கவலை. வாங்கிப்போன பெட்டியை யாருடன் உட்கார்ந்து பிரிக்கிறோம், அதைச் சுட்டவரை எந்த அறை வரை உள்ளே விடுகிறோம் என்பதை ஒவ்வொரு வீடும்தான் முடிவு செய்ய வேண்டும்.