வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பெயரிடும் வழக்கம்

வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பெயரிடும் வழக்கம் என்பது, வேட்டைக்காரர் ஒருவர் தமக்கு விருப்பமான துப்பாக்கிக்கு, மனிதர்களுக்கு இடுவது போன்ற தனிப்பெயர் ஒன்றை இட்டு அழைப்பதாகும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வட அமெரிக்காவின் எல்லைப்புறக் குடியேற்றங்களில் இவ்வழக்கம் பெயர் பெற்றிருந்தது. எனினும், படைக்கருவிக்குப் பெயரிடுவது துப்பாக்கியின் வரவுக்கு நெடுங்காலம் முற்பட்டது. இந்திய இதிகாசங்களிலும் தமிழ்நாட்டுக் கோயில் மரபிலும் வில், வாள், சங்கு ஆகியவற்றுக்குத் தனிப்பெயர்கள் உண்டு.

வகைப்பெயரும் தனிப்பெயரும்

ஒரு வகைத் துப்பாக்கிகள் அனைத்துக்கும் பொதுவாக வழங்கும் பெயரையும், ஒரே ஒரு துப்பாக்கிக்கு உரிய பெயரையும் வேறுபடுத்திக் காண வேண்டும். பிரித்தானியப் படையினரும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினரும் ஏந்திய துப்பாக்கி வகை 'பிரவுன் பெஸ்' எனப்பட்டது. பெண்பெயர் போல் ஒலித்தாலும் இது வகைப்பெயரே. இக்கட்டுரை தனிப்பெயர்களைப் பற்றியது.

காரணங்கள்

இவ்வழக்கத்தை அக்காலத் துப்பாக்கிகளின் அமைப்பைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவதாக, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலான துப்பாக்கிகள் குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கப்பட்டவை. ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்பச் சற்று நேரம் பிடிக்கும். காயமுற்ற கரடியோ யானையோ திரும்பிப் பாய்ந்தால் அந்த நேரம் கிடைக்காது. ஆகவே வேட்டைக்காரரின் உயிர் பெரும்பாலும் முதல் குண்டையே சார்ந்திருந்தது.

இரண்டாவதாக, துப்பாக்கிகள் கைவினைஞரால் தனித்தனியே செய்யப்பட்டன. ஒரே கொல்லர் செய்த இரண்டு துப்பாக்கிகள் கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை. குழலின் விட்டத்திற்கு ஏற்பக் குண்டு வார்க்கும் அச்சு ஒவ்வொரு துப்பாக்கியுடனும் சேர்த்தே தரப்பட்டது. எவ்வளவு மருந்து இட வேண்டும், எத்தொலைவில் குண்டு எவ்வளவு தாழும் என்பனவற்றை உரிமையாளர் பழகியே அறிய வேண்டும். இவ்வாறு பழகி அறிந்த ஒன்று 'ஒரு துப்பாக்கி' என்ற நிலையிலிருந்து 'இந்தத் துப்பாக்கி' என்ற நிலைக்கு உயர்கிறது. தனிப்பெயர் இவ்வேறுபாட்டைச் சொல்லால் குறிக்கிறது.

புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள்

பெட்சி: அமெரிக்க வேட்டைக்காரரும் அரசியல்வாதியுமான டேவி கிராக்கெட் (1786–1836) தம் ரைபிளை (சுரிகுழல் துப்பாக்கி) 'பழைய பெட்சி' என்று அழைத்தார். பெட்சி என்பது எலிசபெத் என்னும் பெயரின் சுருக்கம். இது அவருடைய தமக்கையின் பெயர் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அவருடைய இரண்டாம் மனைவியின் பெயரும் எலிசபெத் ஆகும். 1834-இல் பிலடெல்பியாவில் அவருக்குப் பரிசளிக்கப்பட்ட மற்றொரு துப்பாக்கி 'அழகிய பெட்சி' எனப்பட்டது.

லுக்ரீசியா போர்ஜியா: 'பஃபலோ பில்' எனப்பட்ட வில்லியம் கோடி, தம் 1866-ஆம் ஆண்டு வகை ஸ்பிரிங்பீல்டு ரைபிளுக்கு இப்பெயரை இட்டார். நஞ்சிட்டுக் கொல்பவர் எனக் கதைகளில் பேசப்பட்ட இத்தாலிய உயர்குடிப் பெண்ணின் பெயர் இது. இருப்புப்பாதைத் தொழிலாளர்களின் உணவுக்காகத் தாம் ஏறத்தாழ 18 மாதங்களில் 4,282 காட்டெருமைகளைச் சுட்டதாகக் கோடி குறிப்பிட்டுள்ளார். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அவ்விலங்கினம் அழிவின் விளிம்பை எட்டியது. துப்பாக்கியின் எஞ்சிய பகுதி வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் உள்ளது.

குழந்தை: இலங்கையின் நுவரெலியாவில் 1855 வரை வாழ்ந்து யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பின்னர் ஆப்பிரிக்காவில் 'குழந்தை' என்னும் பொருளுள்ள பெயரிட்ட துப்பாக்கி ஒன்றைப் பயன்படுத்தினார். அதன் எடை சுமார் 9 கிலோகிராம். அது வெடிக்கும் குண்டு ஒன்றின் எடை அரை பவுண்டு (ஏறத்தாழ 225 கிராம்). அதனுடன் சென்ற அரபு மொழியினர் அதனைப் 'பீரங்கியின் பிள்ளை' என்றனர். அதன் பின்னுதைப்புக்குத் தாமே அஞ்சியதாகப் பேக்கர் எழுதியுள்ளார். அஞ்சத்தக்க பொருளுக்கு இடப்பட்ட எதிர்மறைச் செல்லப்பெயராக இதனைக் கொள்ளலாம்.

இந்திய, தமிழ் மரபு

மகாபாரதத்தில் அருச்சுனனின் வில் காண்டீபம். சிவபெருமானின் வில் பினாகம். திருமாலின் ஐம்படைகளுக்கும் பெயர்கள் உண்டு: சங்கு பாஞ்சசன்னியம், சக்கரம் சுதர்சனம், வாள் நாந்தகம், வில் சார்ங்கம், தண்டு கௌமோதகி. மராட்டிய மன்னர் சிவாஜியின் வாள் 'பவானி' என வழங்கப்படுகிறது. தஞ்சாவூர்க் கோட்டையின் கீழைப் பகுதியில், பீரங்கி மேட்டில் உள்ள நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கிக்கு 'இராசகோபாலன்' என்பது பெயர். ஏறத்தாழ 7.5 மீட்டர் நீளமுள்ள இது, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி இணைத்துச் செய்யப்பட்டது.

தமிழ் மரபில் குறிப்பிடத்தக்க செய்தி, பெயர் செல்லும் திசையாகும். மேற்கண்ட அமெரிக்க எடுத்துக்காட்டுகளில் மனிதரின் பெயர் கருவிக்குச் சென்றது. இங்கோ கருவியின் பெயர் மனிதருக்கு வந்தது. காண்டீபன், கோதண்டம், சாரங்கபாணி ஆகியவை இன்றும் ஆண்களின் பெயர்களாக உள்ளன. சென்னையில் தியாகராய நகரை அடுத்த மேற்கு மாம்பலத்தில் உள்ள கோதண்டராமர் கோயிலின் இறைவன், ஏந்திய வில்லால் பெயர் பெற்றவர். கோதண்டம் என்னும் வடசொல் பொதுவாக வில்லையே குறிக்கும். வழக்கில் அது இராமனின் வில்லுக்கே உரிய பெயராகிவிட்டது. மயிலாப்பூரில் செவ்வல்லி மலரில் தோன்றியவராகக் கருதப்படும் பேயாழ்வார், நாந்தகம் என்னும் வாளின் அம்சம் என்பது வைணவ மரபு. வேட்டைக்காரர் துப்பாக்கியை ஆளாக எண்ணினார். இம்மரபிலோ வாளே ஆளாகப் பிறந்து பாடியதாக நம்பப்படுகிறது.

வழக்கத்தின் தேய்வு

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கிகளும் தொழிற்சாலை உற்பத்தியும் பரவின. ஒன்று பழுதானால் அதே போன்ற மற்றொன்றை வாங்க முடிந்தது. ஒவ்வொன்றையும் பிரித்தறியத் தொடர் எண் போதுமானதாயிற்று. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, துப்பாக்கியில் உள்ள செய்தவர் பெயரையும் எண்ணையும் அழிப்பதைத் தடை செய்கிறது. உரிமையாளர் இடும் பெயருக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட்டின் ரிக்பி ரைபிளில் வெள்ளித் தகடு ஒன்று உண்டு. அதில் பரிசு பெற்ற கார்பெட்டின் பெயர், வழங்கிய ஹியூவெட்டின் பெயர், 1907-இல் பெண்புலி சுடப்பட்ட சம்பாவத் என்னும் ஊரின் பெயர் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. கார்பெட்டின் வேட்டைகளில் பெயர் பெற்றவை விலங்குகளே: சம்பாவத் புலி, உருத்திரப்பிரயாகைச் சிறுத்தை (1926) என அவை ஊர்ப்பெயரால் அறியப்படுகின்றன. பல ஊர்களை அச்சத்தில் ஆழ்த்தியதால், அவ்விலங்குகளை இனத்தின் பெயரால் மட்டும் குறிப்பது மக்களுக்குப் போதவில்லை. 'இந்தப் புலி' என்று சுட்ட வேண்டியிருந்தது. துப்பாக்கிக்குப் பெயரிட்டதன் காரணமும் இதுவே.

1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை முடிவுக்கு வந்தது. பழைய படைக்கருவிகள் அருங்காட்சியகப் பொருள்களாயின. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த படைக்கருவிகளைக் காணலாம்.

இவற்றையும் பார்க்கவும்

ஐம்படைத் தாலி
ஆயுத பூசை
தஞ்சாவூர்ப் பீரங்கி
பேயாழ்வார்