எண்பத்திரண்டாம் ஆண்டுப் போத்தல்கள்

நாற்பது ஆண்டு கடந்த தக்கை பார்வைக்கு உறுதியாகத்தான் இருக்கும். வழக்கமான திருகாணியை உள்ளே விட்டால் பாதியில் முறிந்து, தூள் தூளாக வைனில் கொட்டும். அதனால் இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள கருவியை எடுப்பேன். தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாறி மாறி அழுத்தி இறக்கி, திருகியபடியே மேலே இழுக்க வேண்டும். தக்கையின் அடி மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் நிம்மதி. மேல்நுனி வரை வைன் ஊறியிருந்தால் காற்று உள்ளே புகுந்திருக்கலாம்.

பாரிஸில் வைன் பரிமாறுவது என் தொழில். அண்மையில் வாடிக்கையாளர் ஒருவர் தம் நிலவறையிலிருந்து 1982-ஆம் ஆண்டின், பிரான்ஸின் போர்தோ வட்டாரச் சிவப்பு வைன்களை நண்பர்களுக்காகக் கொண்டுவந்தார். லத்தூர், மூத்தோன் ரோத்ஷில்ட், பிஷோன் லலாந்த், குருவோ லரோஸ், ஷெவால் பிளான் என்று மேசையில் வரிசையாக நின்றன.

ஒரே தோட்டத்தின் வைனை ஆண்டு ஆண்டாகச் சுவைப்பவர்கள் உண்டு. அதில் ஒவ்வோர் ஆண்டின் வெயிலும் மழையும் தெரியும். ஒரே ஆண்டைத் தோட்டம் தோட்டமாகச் சுவைப்பது மற்ற வழி. வயது எல்லாவற்றுக்கும் ஒன்று, பருவமும் ஏறக்குறைய ஒன்று. மிஞ்சுவது மண்ணும், திராட்சை இனமும், செய்தவரின் கையும், போத்தல் கிடந்த இடமும்தான். எனக்கு இதுதான் பெரிது.

1982-இல் செப்டெம்பர் வெயில் கடுமையாக அடித்தது. பழம் நன்றாகக் கனிந்தது, விளைச்சலும் ஏராளம். ஆனால் புளிப்புக் குறைவு, இந்த வைன் நெடுங்காலம் நிற்காது என்று சில விமர்சகர்கள் கையை விரித்தார்கள். அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த ரொபர்ட் பார்க்கர் சட்டம் படித்தவர், 1978-இல் சொந்தமாக வைன் இதழ் தொடங்கியவர். பீப்பாயிலிருந்தே சுவைத்துவிட்டு, இது மகத்தான ஆண்டு என்று அடித்து எழுதினார். அவருடைய பெயர் உலகெங்கும் பரவியது இந்த ஒரு தீர்ப்பால்தான். மற்ற ஆண்டுகளில் அவருடைய ருசியோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போவதில்லை. இந்த ஆண்டில் அவர் சொன்னது சரி.

வைன் முதிர்வது எப்படி? சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருபவை. ஓக் மரப் பீப்பாயும் கொஞ்சம் துவர்ப்பைச் சேர்க்கும். இளம் வைன் பாக்குக் கடித்ததுபோல் வாயை இறுக்கும். ஆண்டுகள் போகப் போக நிறப்பொருளும் துவர்ப்புப் பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து பெருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் கரைந்து நிற்க முடியாமல் மண்டியாக அடியில் இறங்கிவிடும். ஊதா மங்கிச் செங்கல் நிறமாகும். வாயை இறுக்கியது மிருதுவாகும். பழவாசனை ஒதுங்கி, காய்ந்த இலை, தோல், புகையிலை, காளான் வாசனைகள் எழும்.

அந்த மண்டிக்காகவே போத்தல்களை முன்கூட்டியே நிமிர்த்தி வைத்திருந்தேன். கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடிக் குடுவைக்குள் ஒரே சீராக ஊற்றினேன். ஒளியில் கறுப்பு இழை ஒன்று கழுத்தை நோக்கி ஊர்ந்து வந்ததும் நிறுத்தினேன். புதிதாக வேலைக்கு வந்த தம்பி அடியில் கிடந்த கலங்கலை உற்றுப் பார்த்தான்.

"அண்ணை, இது பழுதாப் போச்சோ?"

"இல்லையடா தம்பி. வயசான வைனுக்கு மண்டி இருக்கத்தான் வேணும். வாயில பட்டாக் கசக்கும், அதாலதான் விடுறம்."

ஒரு போத்தல் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. தக்கையில் உருவாகும் ஒரு சேர்மம் செய்யும் வேலை அது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதற்கு மருந்து இல்லை.

லத்தூர் பொயாக் ஊரின் கூழாங்கல் மேட்டில் விளைவது, பெரும்பங்கு கபர்னே சோவிஞோன் திராட்சை. இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் கருஞ்சிவப்பு, விளிம்பில் மட்டும் செங்கல். பிஷோன் லலாந்தின் தோட்டமோ லத்தூருக்குப் பக்கத்துக் காணி. மெர்லோ திராட்சையின் பங்கைக் கூடுதலாகச் சேர்ப்பவர்கள், அதனால் வைன் வழுவழுப்பாக இறங்கியது. அயல் நிலத்தில் விளைந்தவை இவ்வளவு வேறுபடுவதை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நம்ப முடியும். மூத்தோனின் லேபிளில் திரைப்பட இயக்குநர் ஜோன் ஹூஸ்டன் வரைந்த ஆட்டுக்கடா நிற்கிறது. 1855-இல் போர்தோத் தோட்டங்களைத் தரம் பிரித்தபோது இரண்டாம் தரத்தில் வைக்கப்பட்ட அந்தத் தோட்டம், 1973-இல்தான் முதல் தரத்துக்கு ஏறியது. ஆணையில் கையெழுத்திட்டவர் அப்போது விவசாய அமைச்சராக இருந்த ஜாக் சிராக்.

எனக்குப் பிடித்தது குருவோ லரோஸ். சன் ஜூலியன் ஊர், 1855-இன் இரண்டாம் தரம். லத்தூரின் கம்பீரம் இதில் இல்லை, ஆனால் தோலும் மண்ணும் புகையிலையுமாக முழுமையாக முதிர்ந்திருக்கிறது. லத்தூரைவிட எவ்வளவோ மலிவு. இதை இனியும் வைத்துக் காப்பதில் பயனில்லை என்பது என் எண்ணம். பழைய வைன் குடுவைக்கு மாறியபின் விரைவாக வாடிவிடும் என்பதால், இதை ஊற்றியவுடனே பரிமாறினேன்.

உலகில் விற்கும் வைன்களில் மிகப் பெரும்பாலானவை வாங்கிய சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுபவை. அடுக்களை அலுமாரியில் இருபது வருடம் வைத்தால் அவை பொன்னாகாது, காடியாகும். 12, 13 பாகை குளிரில், இருட்டில், தக்கை காயாதபடி படுக்கவைத்த வைனே தாங்கும். பழையது வாங்குவோர் லேபிளைப் பார்க்குமுன் போத்தலை ஒளியில் தூக்கி, வைன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தில் நின்றால் நல்லது. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

போலிகளும் ஏராளம். ருடி குர்னியாவான் என்பவர் உணவகத்தில் குடித்த வெற்றுப் போத்தல்களைத் திருப்பி வாங்கிக்கொண்டவர். அரிய வைன்களைப் போலியாகச் செய்து விற்றதற்காக 2013-இல் நியூயோர்க்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். மறு ஆண்டு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆகவே, விருந்தாளிகள் நினைவுக்கு வெற்றுப் போத்தல் கேட்டால், லேபிளின் குறுக்கே அழியாத மையால் கோடு கிழித்த பிறகே கொடுக்கிறேன்.