இற்றைப்படுத்தல் வினவல்

இற்றைப்படுத்தல் வினவல் என்பது, உறவுநிலைத் தரவுத்தளம் ஒன்றில் ஏற்கனவே உள்ள பதிவுகளின் மதிப்புகளை மாற்றப் பயன்படும் கட்டளை ஆகும். எஸ்கியூஎல் மொழியில் இது 'அப்டேட்' என்னும் சொல்லுடன் தொடங்கும். ஒரே கட்டளை ஒரு பதிவையும் மாற்றலாம், பல இலட்சம் பதிவுகளையும் மாற்றலாம். இரண்டுக்கும் கட்டளையின் நீளம் ஏறத்தாழ ஒன்றே. இக்கட்டளையின் பயனும் இதனால் நேரும் விபத்துகளும் இப்பண்பிலிருந்தே தோன்றுகின்றன.

வரலாறு

1960களின் தரவுத்தளங்களில் பதிவுகள் ஒன்றோடொன்று சுட்டிகளால் இணைக்கப்பட்டிருந்தன. ஆயிரம் பதிவுகளை மாற்ற வேண்டுமெனில், முதல் பதிவைக் கண்டுபிடித்து, மாற்றி, அடுத்ததற்குச் சென்று, பட்டியல் முடிந்ததா எனப் பார்த்து, மீண்டும் தொடரும் நிரல் ஒன்றை எழுத வேண்டியிருந்தது. எந்த வழியாகச் செல்வது என்பதும் நிரலரின் பொறுப்பாகவே இருந்தது.

கலிபோர்னியாவின் சான் ஓசே நகரிலுள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் கோட் 1970ஆம் ஆண்டில் உறவுநிலை மாதிரியை முன்வைத்தார். கணிதத்தின் கணக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்ட இம்மாதிரியில், அட்டவணை என்பது பதிவுகளின் கணம் ஆகும். செயல்களும் கணத்தின் மீதே நிகழ்கின்றன. இதனைப் பின்பற்றி டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் உருவாக்கிய 'சீக்வல்' என்னும் மொழி 1974இல் வெளியிடப்பட்டது. அப்பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்தமையால் பின்னர் எஸ்கியூஎல் எனச் சுருக்கப்பட்டது. 1986இல் இம்மொழி அமெரிக்கத் தேசியச் சீர்தரம் ஆனது.

கட்டளையின் அமைப்பு

இக்கட்டளை மூன்று கூறுகளைக் கொண்டது. எந்த அட்டவணை என்பதை 'அப்டேட்' கூறும், எந்தப் புலத்துக்கு என்ன மதிப்பு என்பதை 'செட்' கூறும், எந்தப் பதிவுகளுக்கு என்னும் நிபந்தனையை 'வேர்' கூறும் தெரிவிக்கின்றன. (இங்கு 'வேர்' என்பது 'எங்கு' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல், மரத்தின் வேர் அன்று.) ஆங்கிலக் குறிச்சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால், 25,000க்குக் குறைவாக ஊதியம் பெறும் எல்லா ஊழியருக்கும் 10 விழுக்காடு உயர்வு தரும் கட்டளை பின்வருமாறு அமையும்:

அப்டேட் ஊழியர்
செட் ஊதியம் = ஊதியம் * 1.10
வேர் ஊதியம் < 25000;

இதில் 'முதல் பதிவு', 'அடுத்த பதிவு' என்னும் பேச்சே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. எந்த வரிசையில் பதிவுகளைத் தொடுவது என்பதைத் தரவுத்தள மேலாண்மை அமைப்பே முடிவு செய்கிறது. எந்த வரிசையில் தொட்டாலும் விடை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதே இம்மொழியின் வாக்குறுதி. அதாவது, எல்லாப் பதிவுகளும் ஒரே கணப்பொழுதில் மாறியது போன்ற விளைவு கிடைக்க வேண்டும். கணினியோ பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் மாற்ற இயலும். இந்த இடைவெளி எவ்வளவு சிக்கலானது என்பதை மேற்கண்ட கட்டளையே ஒருமுறை வெளிப்படுத்தியது.

ஹாலோவீன் சிக்கல்

1970களின் நடுப்பகுதியில் ஐபிஎம் ஆய்வாளர்கள் 'சிஸ்டம் ஆர்' என்னும் முன்னோடித் தரவுத்தளத்தை உருவாக்கிக் கொண்டிருந்தனர். 25,000 டாலருக்குக் குறைவாகப் பெறுவோருக்கு 10 விழுக்காடு உயர்வு தரும் கட்டளை அதில் இயக்கப்பட்டபோது, பிழைச்செய்தி ஏதுமின்றி அது முடிந்தது. ஆனால் முடிவில் ஒவ்வோர் ஊழியரின் ஊதியமும் 25,000 டாலரோ அதற்கு மேலோ ஆகியிருந்தது.

ஊதியப் புலத்துக்கு 'இண்டெக்ஸ்' எனப்படும் வரிசைப்படுத்தப்பட்ட துணைப்பட்டியல் இருந்ததே இதற்குக் காரணம். அமைப்பு அப்பட்டியலில் குறைந்த ஊதியத்திலிருந்து மேல்நோக்கிச் சென்றது. 20,000 பெறுபவரின் ஊதியம் 22,000 ஆனதும், அவருடைய பதிவு பட்டியலில் முன்னோக்கி நகர்ந்துவிட்டது. சற்று நேரத்தில் அமைப்பு அதே பதிவை மீண்டும் சந்தித்தது. 22,000 என்பது 25,000க்குக் குறைவு என்பதால் மறுபடியும் உயர்த்தியது. இவ்வாறு 24,200 ஆகி, 26,620 ஆன பின்னரே அப்பதிவு விடுபட்டது. 10,000 பெறும் ஒருவர் எனில், அவருக்கு 10 முறை உயர்வு கிடைத்திருக்கும். ஊழியருக்கு இது மகிழ்ச்சியான பிழைதான்; எனினும் இதே தவறு கடன் நிலுவைக்கு வட்டி ஏற்றும் கட்டளையில் நேர்ந்தால் நிலைமை வேறு.

பாட்ரிசியா செலிங்கரும் மார்ட்டன் அஸ்ட்ரஹானும் இதனைக் கண்டறிந்து சேம்பர்லினிடம் கொண்டு சென்ற நாள், மேலை நாடுகளில் பேய்களின் இரவாகக் கொண்டாடப்படும் ஹாலோவீன் நாள் ஆகும். அதனால் இச்சிக்கலுக்கு 'ஹாலோவீன் சிக்கல்' என்று பெயரிடப்பட்டது. பேய்க்கும் இதற்கும் வேறு தொடர்பு இல்லை.

மாற்ற வேண்டிய பதிவுகளின் பட்டியலை முதலில் முழுமையாகத் தயாரித்துக்கொண்டு, அதன் பின்னரே எழுதத் தொடங்குவது இதற்கான எளிய தீர்வு ஆகும். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் தேவைப்படும்போது இப்பட்டியலை இடைக்காலச் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ஒரு கட்டளை தான் உருவாக்கிய புதிய வடிவங்களைத் தானே காண இயலாது என்பதால், அங்கு இச்சிக்கல் எழுவதில்லை.

ஒரே நேரத்தில் மாறும் மதிப்புகள்

சீர்தரத்தின்படி, சமக்குறியின் வலப்பக்கத்தில் வரும் புலங்கள் யாவும் மாற்றத்துக்கு முந்தைய மதிப்பையே குறிக்கும். அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறிப் பதிவாகிவிட்ட அட்டவணை ஒன்றைத் திருத்த, இடைக்கால மாறி ஏதுமின்றி ஒரே வரி போதும்:

செட் அகலாங்கு = நெட்டாங்கு, நெட்டாங்கு = அகலாங்கு

ஆனால் மைஎஸ்கியூஎல் இதில் சீர்தரத்தைப் பின்பற்றுவதில்லை. அது இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக மதிப்பிடுவதால், இரண்டு புலங்களிலும் நெட்டாங்கே நிற்கும், அகலாங்கு அழிந்துவிடும். ஓர் அமைப்பில் சோதித்த கட்டளையை மற்றொன்றில் கண்ணை மூடிக்கொண்டு இயக்கலாகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தனித்துவ எண்கள் கொண்ட புலம் ஒன்றில் எல்லா எண்களையும் ஒன்று கூட்டும்போதும் இத்தகைய நிலை உண்டாகிறது. 1ஐ 2 ஆக்கும்போது பழைய 2 இன்னும் அங்கேயே இருப்பதால், மைஎஸ்கியூஎல் இரட்டிப்பு எனக் கூறி நிறுத்திவிடலாம். இறங்குவரிசையில் மாற்றுமாறு கட்டளையில் குறிப்பிட்டால் இது தீரும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் தனித்துவச் சோதனையை ஒத்திவைக்கும் வசதி 2010இல் வெளியான 9.0 பதிப்பிலிருந்து உள்ளது.

வேறு அட்டவணையைப் பார்த்து மாற்றுதல்

புதிய மதிப்பைச் சூத்திரத்தால் பெற முடியாத நிலையில் அதனை மற்றோர் அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும். செருமனியின் அஞ்சல் குறியீட்டு மாற்றம் இதனை நன்கு விளக்கும். 1990இல் இரு செருமனிகளும் இணைந்தபோது இரண்டிலும் நான்கு இலக்கக் குறியீடுகளே வழக்கில் இருந்தன; ஒரே எண் இரு பக்கமும் இருந்தது. மேற்கே பான் நகருக்கும் கிழக்கே வைமார் நகருக்கும் 5300 என்பதே எண். எனவே மேற்குக்கு 'டபிள்யூ', கிழக்குக்கு 'ஓ' என முன்னெழுத்து இட்டு நிலைமையைச் சமாளித்தனர். 1993 சூலை 1 அன்று நாடு முழுவதற்கும் ஐந்து இலக்கக் குறியீடுகள் நடைமுறைக்கு வந்தன. பானின் குறியீடுகள் 53 என்றும், வைமாரின் குறியீடுகள் 99 என்றும் தொடங்கலாயின. பழைய எண்ணிலிருந்து புதியதைக் கணக்கிட வழியில்லை. பெருநகரங்கள் பல குறியீடுகளாகப் பிரிக்கப்பட்டதால் தெருவின் பெயரும் தேவைப்பட்டது.

இத்தகைய பணியை எஸ்கியூஎல்லில் செய்ய, பழைய எண், முன்னெழுத்து, தெரு, புதிய எண் ஆகியவற்றைக் கொண்ட ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து உள்வினவல் மூலம் மதிப்பை எடுக்கலாம். இங்கு மூன்று குழிகள் உள்ளன. முதலாவது, ஒப்பீட்டு அட்டவணையில் இல்லாத முகவரிக்கு உள்வினவல் எதையும் தராது. அப்போது புலத்தில் இருந்த பழைய எண் நீங்கி வெற்று மதிப்பு அமர்ந்துவிடும். பொருந்தும் பதிவு உண்டா என்பதை நிபந்தனையிலும் கேட்பதே இதற்குத் தீர்வு. இரண்டாவது, முன்னெழுத்தை ஒப்பிட மறந்தால் 5300க்கு இரு விடைகள் வரும். உள்வினவல் எனில் அமைப்பு பிழை காட்டி நிறுத்திவிடும். எஸ்கியூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகியவற்றிலுள்ள 'அப்டேட் ஃப்ரம்' என்னும் நீட்டிப்போ, இரண்டில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு அமைதியாக முடிந்துவிடும். வைமார்வாசியின் கடிதம் பானுக்குப் போகும். பிழை காட்டி நிற்கும் கட்டளையே பாதுகாப்பானது.

மூன்றாவது குழி வெற்று மதிப்பு பற்றியது. எஸ்கியூஎல்லில் நிபந்தனையின் விடை உண்மை, பொய், அறியப்படாதது என மூன்று வகைப்படும். 'முன்னெழுத்து டபிள்யூ அல்லாதவை' என்னும் நிபந்தனை, முன்னெழுத்தே நிரப்பப்படாத பதிவுகளைத் தேர்ந்தெடுக்காது. அவற்றுக்கு விடை 'அறியப்படாதது' ஆகும். 'டபிள்யூ உள்ளவை', 'டபிள்யூ அல்லாதவை' என இரு கட்டளைகளை இயக்கிவிட்டு எல்லாம் மாறிவிட்டன என நம்புவோர், மாறாமல் நின்ற மூன்றாம் கூட்டத்தைக் கவனிப்பதில்லை.

விபத்துகளும் காப்புகளும்

நிபந்தனைக் கூறு கட்டாயமானது அன்று. அது விடுபட்டால் கட்டளை அட்டவணை முழுவதையும் மாற்றும். இலக்கண முறைப்படி அது சரியான கட்டளை என்பதால் அமைப்பு எச்சரிப்பதும் இல்லை. பல வரிகளில் எழுதிய கட்டளையின் முதல் இரு வரிகளை மட்டும் தேர்வு செய்து இயக்குவதால் இவ்விபத்து பெரும்பாலும் நேர்கிறது. மைஎஸ்கியூஎல்லின் கட்டளைவரி மென்பொருளில், நிபந்தனையில் திறவுப்புலமோ எண்ணிக்கை வரம்போ இல்லாத கட்டளையை மறுக்கும் விருப்பத்தேர்வு உண்டு. 'நான் ஒரு முட்டாள்' எனப் பொருள்படும் மாற்றுப்பெயரும் அதற்கு அதிகாரபூர்வமாகவே வழங்கப்பட்டுள்ளது. அதனை இயக்கி வைத்திருப்பவர்கள் முட்டாள்கள் அல்லர்.

மாற்றத்துக்கு முன் அதே நிபந்தனையுடன் 'செலக்ட்' வினவலை இயக்கி எத்தனை பதிவுகள் அகப்படுகின்றன எனப் பார்ப்பது வழக்கம். பின்னர்ப் பரிவர்த்தனை ஒன்றைத் தொடங்கி, கட்டளையை இயக்கி, மாறிய பதிவுகளின் எண்ணிக்கை முன்பு கண்டதோடு ஒத்தால் 'கமிட்' கொடுத்து உறுதிசெய்யலாம்; ஒவ்வாவிடில் 'ரோல்பேக்' கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆயினும் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகியவற்றில் பரிவர்த்தனையை வெளிப்படையாகத் தொடங்காவிடில் ஒவ்வொரு கட்டளையும் தானாகவே உறுதியாகிவிடும். மைஎஸ்கியூஎல்லின் பழைய சேமிப்பு முறையான மைஐசாமில் பரிவர்த்தனையே கிடையாது, 5.5 பதிப்பில் இன்னோடிபி இயல்நிலை ஆன பின்பே இவ்வசதி பரவலாயிற்று.

மற்றொரு விபத்து, ஒரே கட்டளையை இருமுறை இயக்குவது. ஊரின் பெயரைப் புதிய பெயராக மாற்றும் கட்டளையை எத்தனை முறை இயக்கினாலும் கேடில்லை. ஆனால் 2005 சனவரி 1 அன்று துருக்கி தன் நாணயத்திலிருந்து ஆறு சுழியங்களை நீக்கியது போன்ற மாற்றத்தில், தொகையைப் பத்து இலட்சத்தால் வகுக்கும் கட்டளை இரண்டாம் முறை இயங்கினால் சேமிப்பு எல்லாம் ஏறக்குறைய மறைந்துவிடும். நாணய வகையைக் குறிக்கும் புலத்தையும் அதே கட்டளையில் மாற்றி, பழைய நாணயம் என்பதை நிபந்தனையாக வைத்தால் இரண்டாம் முறை எந்தப் பதிவும் அகப்படாது.

பெரிய அட்டவணைகள்

மாற்றப்படும் பதிவுகளைப் பிறர் அதே நேரத்தில் மாற்றாதிருக்க அமைப்பு பூட்டுகளை இடுகிறது. எஸ்கியூஎல் சர்வரில் ஒரு கட்டளை ஏறத்தாழ 5,000 பூட்டுகளை எட்டினால், அவற்றுக்குப் பதிலாக அட்டவணை முழுவதையும் பூட்ட அமைப்பு முற்படும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஒவ்வொரு பதிவுக்கும் புதிய வடிவத்தை எழுதிப் பழையதை அப்படியே விட்டுவைக்கிறது. அட்டவணை முழுவதையும் மாற்றினால் வட்டில் அதன் அளவு ஏறத்தாழ இருமடங்காகலாம். பழைய வடிவங்களின் இடத்தை 'வேக்கும்' என்னும் துப்புரவுச் செயல் மறுபயன்பாட்டுக்கு விடுவிக்கிறது.

இதனால் பல கோடிப் பதிவுகளைச் சில ஆயிரங்களாகப் பிரித்து மாற்றுவதும் உண்டு. பூட்டுகள் விரைவில் விடுபடும். பிற பயனர்கள் காத்திருக்க நேராது. ஆனால் ஒவ்வொரு தொகுதியும் தனித்தனியே உறுதியாவதால், பாதியில் மின்சாரம் நின்றால் அட்டவணையின் ஒரு பகுதி புதியதாகவும் மறுபகுதி பழையதாகவும் இருக்கும். எங்கே நின்றது என்பதைப் பதிவிலிருந்தே அறியும் வகையில் கட்டளையை முன்கூட்டியே எழுதியிருந்தால் மட்டுமே அங்கிருந்து தொடர இயலும்.